மூணாறு மலையில் கணினி வகுப்பு

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து ஏறிக்கொள்கிறார்கள். பொழுது சாயும்போது அதே ஜீப்பில் ஊர் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கும் மேலே, மூணாறைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளில், நாலைந்து தலைமுறையாகக் கீழே இறங்காமலே தங்கிவிட்ட தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளைப் பார்க்கத்தான் நான் மலையேறினேன்.

போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து சோதனைச் சாவடியைத் தாண்டியதும் பெயர்ப் பலகைகள் மலையாளத்துக்கு மாறுகின்றன. பேருந்துக்குள் பேச்சு மாறவில்லை. பூப்பாறையில் ஏறிய பாட்டியும் பேத்தியும் தமிழில்தான் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். பேத்தி பாட்டியின் கைப்பேசியைக் கேட்கிறாள், பாட்டி தரமாட்டேன் என்கிறார். "மூணாறு போனாத்தான் ரேஞ்ச் வரும், அதுவரைக்கும் சும்மா வா" என்று பாட்டி முடித்துவைத்தார். இந்த மலையில் இருந்தவரை நான் அதிகம் கேட்டது ரேஞ்ச் என்று சொல்லும் கைப்பேசி சிக்னலைப் பற்றிய பேச்சைத்தான். எந்த வளைவில் கிடைக்கும், எந்தப் பாறைமேல் ஏறினால் கிடைக்கும், மழை பெய்தால் எத்தனை நாள் போய்விடும் என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்குக் கணினி வந்த கதையைப் பேசினால் இந்தியாவில் கேரளத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. அங்கே 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற பெயரில் அரசு தொடங்கிய வேலை இன்னும் அறுந்துபோகாமல் நடக்கிறது. 2017இல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. 2018இல் தொடங்கி எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் ஒலிபெருக்கியும் போய்ச் சேர்ந்தன. பொதுக்கல்வி முழுவதும் டிஜிட்டல் மயமான முதல் மாநிலம் என்று 2020 அக்டோபர் 12ஆம் தேதி முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். இதையெல்லாம் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு பார்த்தால் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மாநிலத்தின் திட்டம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அறிய அதன் கடைசி மலையில், அதன் சிறுபான்மை மொழியில் படிக்கிற பிள்ளையிடம் போய்க் கேட்க வேண்டும். மூணாறு அடங்கிய தேவிகுளம் தாலுகாவின் தமிழ் வழி வகுப்புகள் அதற்குச் சரியான இடம்.

இந்தத் தமிழர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணன் தேவன் மலைகளில் 1880களில் வெள்ளைக்காரர்கள் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். காட்டை வெட்டவும் கன்று நடவும் கங்காணிகள் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயிலில் போய், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணிப் பக்கம் இறங்கி, போடி வழியாக உலகத்துக்குப் போயிற்று. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன, தேவிகுளமும் பீர்மேடும் கேரளப் பக்கம் நின்றுவிட்டன. அதனால்தான் இங்கே ஒரு பிள்ளை கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழில் படிக்கிறது.

நான் போன பள்ளி சரிவில் படிக்கட்டுபோல் இறங்குகிற ஓட்டுக் கட்டடம். சன்னல் வழியே தேயிலை தெரியும், பனி ஏறினால் அதுவும் தெரியாது. பத்தாம் வகுப்பில் கணக்கு நடந்துகொண்டிருந்தது. டீச்சர் அனுமதி தந்து கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

வெள்ளையடித்த சுவரில் ஒரு வட்டம். அதற்குக் குறுக்கே ஒரு விட்டம். மென்பொருள் ஜியோஜீப்ரா. திரையில் மெனு முழுக்க ஆங்கிலம், வகுப்பில் பேச்சு முழுக்கத் தமிழ். ஒரு மாணவியை அழைத்து மவுஸைக் கையில் கொடுத்தார் டீச்சர். விட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் ஒரு புள்ளிக்குக் கோடு இழுத்திருக்கிறது. அந்தப் புள்ளியில் உண்டாகும் கோணம் பக்கத்தில் எண்ணாகத் தெரிகிறது. புள்ளியை வட்டத்துக்கு வெளியே இழுக்கச் சொன்னார். எண் எண்பதானது, எழுபதானது. உள்ளே கொண்டுவரச் சொன்னார். நூறு, நூற்றுப் பதினைந்து என்று ஏறியது. "இப்ப மெதுவா வட்டத்து மேலயே கொண்டுபோய் நிறுத்து." நின்றது, 90. வட்டத்தின் மேலேயே நகர்த்தினாள். எங்கே கொண்டுபோனாலும் 90தான். பின்வரிசைப் பையன்கள் எழுந்து நின்று, "மேல கொண்டு போ, இன்னும் மேல" என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்தை டீச்சர் அடக்கவில்லை.

பிறகு அவர் செய்ததற்காகத்தான் இந்தக் காட்சியை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். புரொஜெக்டரை அணைத்தார். "கம்ப்யூட்டர் தொண்ணூறுன்னு காட்டிருச்சு. ஏன் தொண்ணூறுன்னு அது சொன்னுச்சா?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. சாக்பீஸை எடுத்து அதே படத்தைக் கரும்பலகையில் வரைந்தார். மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு இன்னொரு கோடு போட்டார். இப்போது பெரிய முக்கோணம் இரண்டாகப் பிரிந்தது. இரண்டிலும் இரண்டு பக்கங்கள் வட்டத்தின் ஆரங்கள், அதனால் சமம். பக்கங்கள் சமமானால் எதிர்க்கோணங்களும் சமம். ஒரு முக்கோணத்தில் சமக் கோணங்களுக்கு ஒரே எழுத்தையும், மற்றதில் வேறு எழுத்தையும் போட்டார். பெரிய முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் அந்த இரண்டு எழுத்துகளும் இரண்டிரண்டு முறை வருகின்றன, மொத்தம் 180. அப்படியானால் ஒவ்வொன்றையும் ஒருமுறை கூட்டினால்? முதல் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "பாதி டீச்சர்" என்றான். சரியாக அந்தப் புள்ளியில் இருப்பது அந்தப் பாதிதான்.

நான் படித்த காலத்தில் இந்தத் தேற்றத்தை மனப்பாடம் செய்தோம். புள்ளி வட்டத்துக்கு வெளியே போனால் கோணம் குறையும், உள்ளே வந்தால் கூடும் என்பதை யாரும் எங்களுக்குக் காட்டியதில்லை. கையால் நூறு படம் வரைந்தால்தான் அது தெரியவரும், அதற்கு எந்தப் பள்ளியிலும் நேரம் கிடையாது. கணினி அந்த நூறு படத்தையும் ஒரு நிமிடத்தில் வரைந்து தந்தது. அங்கே நிறுத்த வேண்டும், இனி சாக்பீஸை எடுக்க வேண்டும் என்று தெரிந்தது டீச்சருக்கு மட்டும்தான். மின்னணு வகுப்பறை என்று கோடிக்கணக்கில் செலவழிக்கிற எந்த அரசும் முதலில் இந்தத் தெளிவுக்குச் செலவழிக்க வேண்டும்.

கேரளம் அதைச் செய்தது. கணினி போகும் முன்பே ஆசிரியர்களுக்குப் பயிற்சி போயிற்று, பயிற்சி தந்தவர்களும் பள்ளி ஆசிரியர்களே. மென்பொருள் நிறுவனம் எதையும் சாராமல் லினக்ஸ் அடிப்படையில் தங்களுக்கென்று ஓர் இயங்குதளத்தைத் தொகுத்துக்கொண்டார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியச் சகோதர அமைப்பு 2001இல் பிறந்தது திருவனந்தபுரத்தில் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது இதில் ஒரு பாதிதான். ஒரு மலைப் பள்ளி ஆசிரியர் அந்த மென்பொருளை நகலெடுத்து மாணவன் வீட்டுக் கணினியில் போட்டுக் கொடுத்தால் அது திருட்டாகாது. தன் வகுப்புக்கு ஏற்ப மாற்றினாலும் யாரும் கேட்க முடியாது. பொதுப் பணத்தில் நடக்கிற பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கருவியை மட்டும் முதன்மையாக்கினால் என்னவாகும் என்பதற்குப் பெரு நாடு சாட்சி. ஆளுக்கொரு மடிக்கணினி என்ற திட்டத்தில் அந்த நாடு லட்சக்கணக்கில் மடிக்கணினிகளை வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தது. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்ட ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததாகக் காணவில்லை என்று சொன்னது. தமிழ்நாட்டிலும் 2011 செப்டம்பர் முதல் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி வந்தது. அதனால் கல்லூரியில் தலைநிமிர்ந்த ஏழைப் பிள்ளைகளை நான் அறிவேன், அந்தத் திட்டத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வகுப்பறைப் பாடத்தோடு அந்தக் கணினிக்கு இருந்த உறவு மெலிந்ததுதான்.

மதியத்துக்குப் பிறகு கணினி அறைக்குப் போனோம். 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் குழு அங்கே வேலையாக இருந்தது. 2025-26 கல்வியாண்டிலிருந்து பத்தாம் வகுப்பு ஐ.சி.டி. பாடத்தில் ரோபாட்டிக்ஸ் சேர்ந்திருக்கிறது, ஏழாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவு அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. மேசைமேல் ஆர்டுயினோ பலகை, வண்ண வண்ணக் கம்பிகள், ஒரு சின்ன மோட்டார், அகச்சிவப்பு சென்சார். சென்சார் முன்னால் கையை நீட்டினால் அட்டையில் வெட்டிய கதவு திறக்கிறது.

ஒரு பையனுக்குக் கதவில் ஆர்வமில்லை. மோட்டாரைக் கழற்றிவிட்டு மணியை இணைத்துக்கொண்டிருந்தான். எதற்கு என்றேன். "படையப்பா வந்தா மணி அடிக்கும் சார்." படையப்பா என்பது மூணாறு வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கொம்பன் யானை, ரஜினி படத்தின் பெயரை மக்களே வைத்தார்கள். இரவில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பக்கம் வந்து ரேஷன் கடையை உடைக்கும், வாழையைத் தின்னும். பையனின் அம்மா காலை இருட்டில் வேலைக்கு நடக்கிற பாதையில் இந்த மணியை வைக்க வேண்டும் என்பது அவன் திட்டம்.

"இந்த சென்சாருக்கு எவ்வளவு தூரம் தெரியும்?" என்று டீச்சர் கேட்டார். கையை நகர்த்திப் பார்த்துவிட்டு, "ஒரு சாண் டீச்சர்" என்றான். "யானை ஒரு சாண் கிட்ட வந்தப்புறம் மணி அடிச்சு?" எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். பிறகு தூரமாகப் பார்க்கிற சென்சார் எது, மழையில் அது வேலை செய்யுமா என்று தேட ஆரம்பித்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம், வால்பாறையில், யானை நடமாடும் இடத்தில் சிவப்பு விளக்கு எரியவைத்தும் குறுஞ்செய்தி அனுப்பியும் தோட்டத் தொழிலாளர்களை எச்சரிக்கிற ஏற்பாட்டை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் செய்திருக்கிறது. கைப்பேசியிலிருந்தே அந்த விளக்கை எரியவைக்கலாம். அதைச் சொன்னபோது பையன் உடனே நோட்டில் எழுதிக்கொண்டான். எழுதி முடித்ததும் அவன் கேட்ட கேள்வி: "அங்க ரேஞ்ச் இருக்கா சார்?"

பள்ளியிலிருந்து ராஜமலைப் பக்கம் ஜீப்பில் போனேன். ஓட்டிய தம்பி அங்கே பிறந்து வளர்ந்தவர். இரவிகுளம் தேசியப் பூங்காச் சாலையில் ஓர் இடத்தில் வேகத்தைக் குறைத்து, "கொரோனா நேரத்துல பிள்ளைக இங்கதாண்ணே குடையப் புடிச்சுக்கிட்டு உக்காந்து படிச்சாங்க" என்றார். ராஜமலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ரேஞ்ச் தேடி அந்தச் சாலையோரத்துக்கு வந்தது அப்போது செய்திகளிலும் வந்தது.

2020 ஜூன் 1ஆம் தேதி கேரளம் 'ஃபர்ஸ்ட் பெல்' என்று வீட்டுப் பள்ளியைத் தொடங்கியது. பாடங்கள் வந்தது விக்டர்ஸ் தொலைக்காட்சியில். 2005 ஜூலை 28ஆம் தேதி அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக வந்து தொடங்கிவைத்த அலைவரிசை அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியிருந்தது. பதினைந்தாண்டு முன்பே போட்டுவைத்த அடித்தளம் ஊரடங்கில் கைகொடுத்தது. ஆனாலும் தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் என்று அரசின் கணக்கெடுப்பே சொன்னது. வகுப்பு தொடங்கிய அதே நாளில் மலப்புரம் மாவட்டத்தில் ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டில் தொலைக்காட்சி பழுது, ஸ்மார்ட்ஃபோன் கிடையாது. அதன் பிறகு ஊர் ஊராக நூலகங்களிலும் பொது இடங்களிலும் தொலைக்காட்சிகள் வைக்கப்பட்டன, மக்கள் கருவிகளை நன்கொடையாகக் கொடுத்தார்கள். அந்த வேகம் முதல் நாளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் பாடங்கள் தயாராயின. லயத்தில் என்னோடு பேசிய ஓர் அக்கா அந்த மாதங்களைச் சொன்னார். கோவில்பட்டிப் பக்கம் பூர்வீகம், கொழுந்து பறிக்கிற வேலை. "டி.வி.ல ஓடுனது மலையாளம். தமிழ்ப் பாடத்துக்கு போன் வேணும். போன் நான் வேலைக்குக் கொண்டு போயிருவேன், சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் பிள்ள கைக்குப் போகும். அப்ப மழ வந்துரும், ரேஞ்ச் போயிரும்." அவர் மகளின் டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். பாடத்தைத் தன் குரலிலேயே சின்னச் சின்னத் துண்டுகளாகப் பதிவு செய்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார். ரேஞ்ச் கிடைத்த நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். அந்தப் பதிவுகளை அக்கா இன்னும் அழிக்கவில்லை. எனக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினார். ஒளிச்சேர்க்கை பாடம். பச்சையத்தைச் சொல்ல டீச்சர் எடுத்துக்கொண்டது தேயிலைக் கொழுந்தை.

ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்து லயங்களை மூடியது, 70 பேர் இறந்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், தமிழர்கள், அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்ததால் வெளியே சேதி தெரிய மறுநாள் காலையானது. புதைத்த இடத்தருகே ஜீப்பை நிறுத்தி இறங்கி நின்றோம். கைப்பேசிக் கோபுரம் வேண்டும், கம்பி வேண்டும் என்று மலைமக்கள் கேட்பதைப் பிள்ளைகள் வீடியோ பார்க்கக் கேட்கிறார்கள் என்று நினைப்பவர்கள் ஒருமுறை இங்கே வர வேண்டும். கே-ஃபோன் என்ற பெயரில் 2023 ஜூன் 5ஆம் தேதி தொடங்கிய அரசின் கண்ணாடியிழை வலை, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு தருவதாகச் சொல்கிறது. அது இந்த லயங்களின் வாசல்வரை வர வேண்டும். பெட்டிமுடியைத் தாண்டிக் காட்டுப் பாதையில் போனால், 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடி. அங்கே முதுவர் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்கள் வாசல்வரையும் வர வேண்டும்.

மறுபடி மூணாறு வந்து கணக்கு டீச்சரைப் பார்த்தேன். எதுதான் இப்போது பெரிய குறை என்று கேட்டேன். கருவி என்று சொல்லவில்லை. "மலையாளத்துல தேடினா ஒரு பாடத்துக்கு நாலு வீடியோ, நாலு ஒர்க்‌ஷீட் கிடைக்குது சார். தமிழ்ல தேடினா கேரளப் பாடத்துக்குப் பொருந்துற மாதிரி ஒண்ணு கிடைச்சா பெரிசு." செயற்கை நுண்ணறிவை வைத்து மலையாளக் குறிப்புகளைத் தமிழாக்கிப் பார்க்கிறார். 2024இல் கேரள ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி தொடங்கியது. மொழிபெயர்ப்பு பரவாயில்லாமல் வருகிறதாம், ஆனால் வரிவரியாகத் திருத்தாமல் வகுப்புக்குள் கொண்டுபோக மாட்டாராம். அந்தத் திருத்தும் வேலை நடப்பது இரவு சமையல் முடிந்த பிறகு.

எனக்குத் தாங்கவில்லை. மலைக்குக் கீழே ஏழு கோடிப் பேர் பேசுகிற மொழி இது. 2018இலேயே தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சாகி, பாட வீடியோக்கள் திக்‌ஷா தளத்தில் ஏறின. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் கைக்காசில் எத்தனையோ யூடியூப் சேனல் நடத்துகிறார்கள். அரைவட்டத்தில் அமையும் கோணம் போடியில் 90 என்றால் மூணாறிலும் 90தான். பாடத்திட்டம் வேறு என்பதால் முழுப் பாடத்தையும் அப்படியே எடுக்க முடியாது. எடுத்து, வெட்டி, ஒட்டி, தன் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள அந்த டீச்சருக்கு உரிமை இருந்தால் போதும். கேரளம் மென்பொருளில் செய்ததைத் தமிழ்நாடு பாடத்தில் செய்ய வேண்டும்.

பொதுப் பணத்தில் தயாராகும் தமிழ்ப் பாடங்களை, எவரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற கட்டற்ற உரிமத்தில் தமிழ்நாடு அரசு வெளியிட வேண்டும். தமிழ் வழிக்கான பாடப்பொருளைத் தயாரிக்க இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ் வழி ஆசிரியர்களுக்குப் பணி நேரத்திலேயே இடம் ஒதுக்கிக் கேரள அரசு உதவ வேண்டும். இந்தக் கட்டுரையைப் படிக்கிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் தயாரிக்கும் பாட வீடியோவின் கீழே, எவரும் எடுத்து மாற்றலாம் என்ற அனுமதியை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். மூலக் கோப்பையும் சேர்த்துப் பகிருங்கள். ரேஞ்ச் குறைந்த இடத்திலும் இறக்கிக்கொள்ளும்படி சின்ன அளவில் ஒரு பிரதி வையுங்கள்.